எட்டி நிற்காத எல்க்

பக்கத்திலிருந்து சுட்டதுதான் தப்பாம். இதைச் சொல்வதற்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவன் மானுக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போனால் நல்லது என்று ஊரில் எல்லோரையும் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் இந்த வேட்டைப் பருவத்தில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

என் பெயர் டுவேன் ஹால்வர்சன். எங்கள் மாவட்டம், மில்சாப் கவுண்டி, ராக்கி மலையை ஒட்டி இருக்கிறது. மனிதர்களைவிட எல்க் மான்கள் அதிகம்; மனிதர்களைவிட அவை அமைதியானவையும்கூட. குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கறி என்றால் அது எல்க் கறிதான். ஆளுக்கு ஒரு வேட்டைச் சீட்டு, சீட்டுக்கு ஒரு எல்க். அடித்து, அறுத்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் பனி உருகும்வரை கவலையில்லை. என் மனைவி வெர்லாவும் இரண்டு பெண்களும் என்னை மனிதனாக மதிப்பார்கள். எங்கள் வீட்டில் சீட்டு வாங்குகிறவன் நான் ஒருவன்தான். வெர்லாவுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது.

பருவத்தின் முதல் நாள் காலை. முழங்கால்வரை பனி. பைன் மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு மரத்தைச் சுற்றி வந்தால் எதிரே எல்க். எங்கள் வீட்டு வாசலுக்கும் தபால் பெட்டிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. பக்கவாட்டில் நின்றுகொண்டு, எதையோ மென்றுகொண்டு, என்னைக் கண்டுகொள்ளவேயில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு தோளைக் குறிபார்த்துச் சுட்டேன்.

பட்டது. படாமல் இல்லை. எல்க் ஒரு தடவை குலுங்கியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. பேருந்தில் பின் சீட்டிலிருந்து பேப்பர் உருண்டை எறிகிற பயலை நான் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பேனே, அதே பார்வை. அப்புறம் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது. ஓடக்கூட இல்லை.

அது நின்ற இடத்தில் பனியில் கொஞ்சம் முடி கிடந்தது. நாலு சொட்டு ரத்தம். ஒரு மரத்தடியில் செம்பும் ஈயமுமாகச் சில துணுக்குகள் மின்னின. குண்டு என்று நான் அனுப்பியது சில்லறையாகத் திரும்பி வந்திருந்தது. இருட்டும்வரை தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆற்றைக் கடந்து போயிருந்தது. மறுநாள் அக்கரையில் மற்ற மான்களோடு அது புல்லைத் தேடிக்கொண்டிருந்ததைத் தொலைநோக்கியில் பார்த்தேன். லேசாக நொண்டியது. ஒரு பிராணியைக் கொன்று தின்பது ஒரு கணக்கு. அதை நொண்ட வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது வேறு கணக்கு. இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை.

வனக்காவலர் ரோண்டா பெல்ச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ரோண்டா என்னோடு பள்ளியில் படித்தவள். சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ஜாதி.

"ரத்தம் வந்துதா?" என்று கேட்டாள்.

"நாலு சொட்டு."

"அப்ப உன் சீட்டு தீந்துபோச்சு, டுவேன். நம்ம கவுண்டியில ரத்தம் வந்தா அடிச்ச கணக்குதான். மான் உன் வீட்டுக்கு வந்துச்சா, அதோட வீட்டுக்குப் போச்சாங்கிறது என் கவலை இல்ல."

"ரோண்டா, மான் அங்க நிக்குது பாரு. புல்லு தின்னுது."

"தின்னட்டும். சட்டப்படி அது உன் ஃப்ரீசர்ல இருக்கு."

நான் பாக்கெட்டிலிருந்து அந்தத் துணுக்குகளை எடுத்து அவள் மேஜைமேல் கொட்டினேன். அவள் விரலால் கிளறிப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்தது.

"கிட்டேருந்து சுட்டியா? உன்னோட துப்பாக்கி ரொம்ப வேகம். குண்டு கிளம்புறப்பதான் அதுக்கு வெறி ஜாஸ்தி. போகப் போகக் காத்து அதை அடக்கிரும். தூரத்து மான்கிட்ட போய்ச் சேரும்போது நல்ல பிள்ளையா விரிஞ்சு உள்ள போகும். கிட்டக்க இருக்கிற எலும்புல அந்த வெறியோட மோதுச்சுன்னா இப்படித்தான், சுக்குநூறு. குண்டுதான் கோளாறுன்னு ஆய்வு மன்றம் சொல்லிட்டா உன் சீட்டுக்கு மறுபடி உயிர் வந்துரும். சட்டத்துல இடம் இருக்கு."

"அதுவரைக்கும்?"

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச ஞாயித்துக்கிழமையோட பருவம் முடியுது. சீக்கிரம் போ."

அந்த மன்றத்தின் முழுப்பெயர் மேற்கத்திய வேட்டைக் குண்டு உயர்வேக மோதல் ஆய்வு மன்றம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மான் அடுத்த கவுண்டிக்குப் போய்விடும். வாசலில் ஒரு பித்தளைப் பலகை. கட்டடத்தை அன்பளிப்பாகத் தந்தது 'அயர்ன் ப்ரேயர்' தோட்டாக் கம்பெனி என்று அதில் எழுதியிருந்தது. என் துப்பாக்கியில் இருந்ததும் அயர்ன் ப்ரேயர்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற தாய்க்குத் தெரியாதா பிள்ளையின் குறை என்று நினைத்தேன்.

தலைவர் டாக்டர் ப்ரெஸ்டன் அல்ரிக் என்னை வரவேற்றார். வெள்ளைக் கோட்டு, அதன்மேல் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிற மேலுடுப்பு, கழுத்தில் டை. எதில் டாக்டர் என்று கேட்டேன். ஜெலட்டினில் என்றார்.

"மிஸ்டர் ஹால்வர்சன், நீங்க சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. இந்த நாட்டுலயே ஜெலட்டினை இவ்வளவு மரியாதையா நடத்துற இடம் வேற கிடையாது."

மரியாதையில் குறை சொல்ல முடியாது. மணி அடித்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பக்கத்து அறையிலிருந்து ஒரு தள்ளுவண்டியில் ஜெலட்டின் கட்டியை, அதாவது மான் சதைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கிற ஜெல்லியை, கொண்டுவந்தார்கள். சூட்கேஸ் அளவுக்குப் பொன்னிறமாக, ஆடி ஆடி வந்தது. கெட்டுப்போகாமல் இருக்க லவங்கப்பட்டை எண்ணெய் விடுவார்களாம். அறை முழுக்கக் கிறிஸ்துமஸ் பலகாரக் கடை வாசனை. எனக்குப் பசித்துவிட்டது. டாக்டர் அல்ரிக் அதன் நெற்றியில், நெற்றி என்று நான் நினைத்த இடத்தில், தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "உடம்பு நல்லாயிருக்கு" என்றார்.

"இதுதான் எல்க்கா?" என்று கேட்டேன்.

"எல்க்கைவிட மேல். எல்க் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதுல ஒழுங்கு கிடையாது."

சுடுகிறவர் மெர்ல் என்கிற ஆள். தொப்பை, கண்ணாடி, வாயில் எப்போதும் சூயிங் கம். நான் சொன்ன தூரத்தில், அதாவது வாசலுக்கும் தபால் பெட்டிக்கும் உள்ள தூரத்தில், கட்டியை மேஜைமேல் வைத்தார்கள். மெர்ல் சுட்டார். கட்டி மேஜையிலிருந்து எகிறிக் குதித்து, இரண்டு தடவை உருண்டு, என் காலடியில் வந்து நின்று நடுங்கியது. குண்டு உள்ளே கால்வாசிகூடப் போகவில்லை. பொடிப் பொடியாகிக் கட்டிக்குள் மிளகு தூவிய மாதிரி கிடந்தது.

"பாருங்க!" என்று நான் கத்தினேன். "இதேதான் சார்! இதேதான் நடந்துச்சு!"

அல்ரிக் கட்டியை உற்றுப் பார்த்தார். "செல்லாது" என்றார்.

"ஏன் சார்?"

"கட்டி அசைஞ்சுடுச்சு. அசையற கட்டியோட வாக்குமூலத்தை நாங்க எடுத்துக்கறதில்ல. மெர்ல், கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க."

பின்னால் தள்ளி வைத்தார்கள். குண்டு உடைந்தது. அறைக் காற்றில் ஈரம் அதிகம் என்றார். இன்னும் பின்னால். உடைந்தது. மெர்ல் சுடும்போது நான் மூச்சு விட்டேனாம். இன்னும் பின்னால். மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது கட்டி கட்டடத்தை விட்டே வெளியேறி, மைதானத்தைக் கடந்து, மலையடிவாரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மெர்ல் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருந்து சுட்டார். ஜீப்பில் போய் எடுத்து வந்தார்கள். குண்டு உடையவில்லை. அழகாகக் காளான் மாதிரி விரிந்திருந்தது. அல்ரிக் அதை நீல வெல்வெட் துணியில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மெர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அயர்ன் ப்ரேயர் தேர்ச்சி" என்று அறிவித்தார் அல்ரிக்.

நான் கையைத் தூக்கினேன். "சார், நான் சுட்டது அங்கேருந்து இல்ல. இங்கேருந்து."

"அதைத்தான் நானும் வருத்தத்தோட கவனிச்சேன்" என்றார் அவர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவளுக்குக் கூடத்தையே இடித்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்து வெர்லாவிடம் சொன்னேன். அவள் காலி ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"ஜெல்லிக்கு எலும்பு கிடையாது, டுவேன். மானுக்கு இருக்கு. இதைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. மறுநாளே ஓடினேன். எலும்பு என்றதும் மன்றம் அல்லோலகல்லோலப்பட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். கடைசியில், பொதுமக்களின் குறையை மன்றம் அலட்சியம் செய்வதில்லை என்று காட்டுவதற்காக, மெர்ல் கசாப்புக் கடைக்குப் போய் ஒரு மாட்டுத் தோள்பட்டை எலும்பு வாங்கி வந்தார். அதைக் கட்டிக்குள் வைத்து உறைய வைத்தார்கள். இந்தத் தடவை குண்டு கிட்டேயும் உடைந்தது, நடுவிலும் உடைந்தது, மைதானத்தின் கோடியிலும் பாதி உடைந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அல்ரிக் முகம் மட்டும் இறுகிவிட்டது. எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க தரத்துல இல்ல."

"எலும்பா சார்?"

"ஜெலட்டின்தான் தரம். எலும்புங்கிறது ஒவ்வொரு மானும் தன்னிஷ்டத்துக்குச் சேத்துக்கிற சமாச்சாரம். அதுக்கு ஒரு கம்பெனி எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அப்புறம் எடை. குண்டு மோதிய பிறகு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் அதுதான் பெரிய பரீட்சை. அதிகம் மிஞ்சினால் நல்ல குண்டு. மெர்ல் இடுக்கியால் மிகப் பெரிய துணுக்கை எடுத்துத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. அல்ரிக் தொண்டையைக் கனைத்தார். மெர்ல் இன்னும் நாலு துணுக்கை வைத்தார். மறுபடி கனைப்பு. மெர்ல் விளக்குமாற்றை எடுத்துவந்து தரையைக் கூட்டினார். மேஜைக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கிடந்ததை முறத்தில் அள்ளித் தராசில் கொட்டினார்.

"நூத்தி ரெண்டு சதவீதம்" என்று படித்தார் மெர்ல்.

"பாத்தீங்களா?" அல்ரிக்கின் கண் கலங்கியது. "இந்தக் குண்டு எதையும் இழக்கல, மிஸ்டர் ஹால்வர்சன். வேலை பாத்ததுல ஒரு சுத்து பெருத்திருக்கு."

மறுவாரம் மன்றத்தின் ஆண்டுவிழா. என் புகாருக்கு அன்றுதான் தீர்ப்பு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேருந்தை மாற்றாளிடம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில் போனேன். பட்டன் போடவில்லை, போட முடியவில்லை. முன் வரிசையில் அயர்ன் ப்ரேயர் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரோண்டாவும் சீருடையில் வந்திருந்தாள். அல்ரிக் மேடை ஏறினார்.

"நண்பர்களே, இந்த மன்றம் தொடங்கின நாள்லேருந்து இன்னிவரைக்கும் ஒரு குண்டுகூடத் தோத்தது கிடையாது. அதுக்குக் காரணம் குண்டுங்கன்னு சிலர் நினைக்கிறாங்க. இல்ல. எங்க விடாமுயற்சி! ஒரு குண்டு இங்க உடைஞ்சா நாங்க அதைக் கைவிடறதில்ல. அது எங்க உடையாதோ அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம். ஒரு தடவை அடுத்த மாநிலத்துக்கே போக வேண்டியிருந்துச்சு. போனோம்! அறிவியல்ங்கிறது உண்மையைத் தேடறது. உண்மை கிட்டக்க இல்லேன்னா தூரத்துல இருக்கும்."

முன் வரிசை எழுந்து நின்று கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்ததால் நானும் எழுந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று உறைத்தது.

"இப்ப மிஸ்டர் ஹால்வர்சன் விஷயம்" என்றார் அல்ரிக். "குண்டு மேல தப்பில்ல. அது நிரூபணமாயிடுச்சு. அப்ப மிஸ்டர் ஹால்வர்சன் மேல தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. அவர் அயர்ன் ப்ரேயரோட வாடிக்கையாளர். அயர்ன் ப்ரேயர் வாடிக்கையாளர் தப்பு பண்ண மாட்டார்னு பெட்டியிலயே அச்சடிச்சிருக்கு. அப்ப மிச்சம் யாரு?"

சபை யோசித்தது. நானும் யோசித்தேன். சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

"எல்க்" என்றார் அல்ரிக். "குண்டுக்கு வேகம் தணிய அவகாசம் குடுக்காம, மரத்துக்குப் பின்னாடி, பொறுப்பே இல்லாம, அவ்வளவு கிட்டக்க வந்து நின்னது யாரு? எல்க்!"

நான் எழுந்தேன். "சார், எல்க் எங்கயும் வரல. அது அங்கதான் நின்னுச்சு. நான்தான் போனேன்."

"உங்க பெருந்தன்மையைப் பாராட்டறேன்" என்றார். "ஆனா எல்க்கோட தப்பை மறைக்கப் பாக்காதீங்க."

சட்டத்தில் குண்டின் குற்றத்துக்கு இடம் இருந்தது, மானின் குற்றத்துக்கு இல்லை. ரோண்டா அங்கேயே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். ஆனால் மோதலில் யார் மேல் தப்பு என்று முடிவுசெய்வதில் மன்றத்தின் வார்த்தையே கடைசி வார்த்தை என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. மோதலில் எல்க்கும் ஒரு தரப்புதானே? கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எல்க்கை விசாரிக்காமல் தண்டித்தால் அநியாயம் என்று கம்பெனிக்காரர்களே சொன்னார்கள். அவர்களுக்கு நியாயம் முக்கியம்.

ஆகவே நோட்டீஸ். ரோண்டா காடு முழுக்க மரங்களில் ஒட்டினாள். எல்க் நிற்கும்போது கண்ணுக்குப் படுகிற உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று விதி. அவளோ குட்டை. ஏணியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சீட்டு வேண்டுமே!

"ரோண்டா, உனக்கே இது சிரிப்பா இல்ல?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இருக்கு. வேலை நேரம் முடிஞ்சப்பறம் சிரிப்பேன். பசையைக் குடு."

விசாரணை கவுண்டி நூலகத்தில் நடந்தது. வாசலில் நின்று மூன்று தடவை "எல்க்! எல்க்! எல்க்!" என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. எல்க் தரப்பில் வாதாட ஆள் வேண்டும் என்பதால் மெர்லை நியமித்திருந்தார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு மன்றத்தின் செலவு. மெர்ல் சூயிங் கம்மைத் துப்பிவிட்டு எழுந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், மனிதர் நன்றாகவே பேசினார்.

"ஐயா, என் கட்சிக்காரர் அந்தக் காட்டுலயே பொறந்து, அங்கயே குடியிருக்கிறவர். அவர் வீட்டுக்குள்ள நின்னு இலை தின்னுக்கிட்டிருந்தாரு. தூரமா நிக்கணும்னா எதுலேருந்து தூரமா? டுவேன் வர்றது அவருக்கு எப்படித் தெரியும்? டுவேன் காலடிச் சத்தம் கேக்காம வந்துட்டாரு. நல்ல வேட்டைக்காரர் அப்படித்தான் வருவாரு."

சபையில் பலர் தலையாட்டினார்கள். எனக்கே மெர்லைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்க்கின் நொண்டல் ஞாபகத்துக்கு வந்தது.

"மான் காது ரொம்பக் கூர்மைன்னு நீங்களே மன்றத்துக்கு எழுதின அறிக்கையில இருக்கே, மெர்ல்?" என்று கேட்டார் அல்ரிக்.

"இருக்குங்க."

"அப்ப கேட்டிருக்கு. கேட்டும் நின்னிருக்கு."

மெர்ல் கதவுப் பக்கம் பார்த்தார். சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள், புதன்கிழமை வந்தது. அனுமதிக்கப்படாத தூரத்தில் நின்ற குற்றத்துக்காக எல்க் தண்டிக்கப்படுகிறது. பருவம் முடியும்வரை அது வேட்டையில் பங்கெடுக்கக்கூடாது. இடைநீக்கம். குற்றம் செய்த எல்க் எது என்று அடையாளம் காண முடியாததால், மில்சாப் கவுண்டியின் எல்லா எல்க்குகளுக்கும் இது பொருந்தும். அல்ரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இளைய எல்க்குகளுக்கு இது ஒரு பாடமா இருக்கும்" என்றார்.

அடுத்ததாக என்னை மேடைக்கு அழைத்தார்கள். நான் குற்றமற்றவன் என்பதால் என் வேட்டைச் சீட்டு முழு மரியாதையோடு எனக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. கம்பெனிக்காரர் ஒருவர் கை குலுக்கினார். ஃபோட்டோ எடுத்தார்கள். அதில் நான் சிரித்திருக்கிறேன். சீட்டு கையில் வந்த சந்தோஷத்தில் தீர்ப்பின் முதல் பாதியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. படியில் இறங்கும்போதுதான் ரோண்டா என் தோளைத் தொட்டாள்.

"வாழ்த்துகள், டுவேன். சீட்டு செல்லும். ஆனா சுடாத."

"ஏன்?"

"எதைச் சுடுவ? எல்லாம் இடைநீக்கத்துல இருக்கு. அதுங்க வேட்டையில பங்கெடுக்கக் கூடாது. நீ சுட்டா அது பங்கெடுத்த மாதிரி ஆயிரும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தைக் கையில் கொடுத்துவிட்டு மாலையும் போட்டு, கோயிலை இழுத்துப் பூட்டிவிட்டான். ஊரில் என்னை அடிக்காத குறை. சீட்டு வைத்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பேருந்தில் ஏறுகிற குழந்தைகள்கூட "எங்க அப்பா உங்ககூடப் பேச வேணாம்னாரு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பெட்ரோல் பங்க்கில் ஒருவர், "ஏன்யா, நாலு சொட்டு ரத்தத்தை மண்ணைப் போட்டு மூடிட்டுப் பேசாம இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னது தப்பா என்று திருப்பிக் கேட்க நினைத்தேன். அதற்கும் ஒரு மன்றம் இருக்குமோ என்று பயமாக இருந்ததால் கேட்கவில்லை.

எல்க்குகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. நோட்டீஸை அவை படித்தனவா என்று எனக்குத் தெரியாது, படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கின. சனிக்கிழமை சாலையில் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை, பருவத்தின் கடைசி நாள், மத்தியானம் ஒரு கூட்டமே எங்கள் தோட்டத்துக்குள் வந்து, குதிரைக்கு வைத்திருந்த உலர்ந்த புல்கட்டுகளைப் பிரித்துப்போட்டு நிதானமாகத் தின்னத் தொடங்கியது. அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு, ரோண்டா நின்றிருந்தாள். தண்டனை சரியாக நிறைவேறுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, நான் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஒரு எல்க் நின்று மென்றது. கொழுகொழுவென்று இருந்தது. என் மேல்சட்டைப் பையில் சீட்டு இருந்தது. சுவரில் துப்பாக்கி தொங்கியது. கடியாரத்தின்படி சூரியன் மறைய, வேட்டை முடிய, இன்னும் நேரம் இருந்தது. என் இரண்டு பெண்களும் மேஜையில் தட்டைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"சீட்டு இருக்கா, டுவேன்?"

"இருக்கு."

"செல்லுமா?"

"செல்லும். ரோண்டாவே சொன்னா."

"துப்பாக்கி?"

"இருக்கு."

"எல்க்?"

ஜன்னலைப் பார்த்தேன். அது இன்னொரு வாய் புல்லை எடுத்தது. "இருக்கு" என்றேன்.

"அப்பறம் நான் ஏன் பீன்ஸ் வேகவைச்சுக்கிட்டிருக்கேன்?"

நான் தட்டை நீட்டினேன்.